அப்பாவுக்கு ஒரு பைக் பார்சல்!

வழக்கமா என்ன நடக்கும்? நாம பைக் கேட்போம். ‘முதல்ல அரியரை க்ளியர் பண்ணு’ம்பார் அப்பா. அம்மா சாமி படத்தைப் பார்ப்பாங்க. மேட்டர் ஓவர்! ஆனா சில வீடுகள்ல இப்ப சீன் அப்படியே உல்டா. பதினஞ்சு, இருபது வருஷமா கியர் வண்டியைத் தொடாத அப்பா, ஒரு ஞாயித்துக்கிழமை டிபன் சாப்பிட்டுக்கிட்டே, ‘நான் ஒரு பைக் எடுக்கலாம்னு இருக்கேன். எந்த வண்டிடா நல்லாயிருக்கும்?’னு கேட்கிறார். வாழ்க்கையிலேயே முதல் தடவையா அவர் நம்மகிட்ட அட்வைஸ் கேட்கிற தருணம் அது. ‘ட்யூக் எடுங்கப்பா’ன்னு சொல்லிட்டு, சனி ஞாயிறு நாம ஓட்டிக்கலாம்னு கணக்குப் போடறவங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க. ம்... இத்தனை பேரா!

எந்த வண்டிங்கிறதுக்கு முன்னாடி, எந்த ரோடுன்னு பார்க்கணும் பாஸ். உதாரணத்துக்கு அத்திப்பட்டு. ‘சிட்டிசன்’ (2001) படத்துல மேப்பை விட்டே காணாமல் போகுமே, அந்த அத்திப்பட்டி இல்லை. இது கும்மிடிப்பூண்டி லோக்கல்ல எண்ணூரைத் தாண்டினதும் வர்ற, மேப்புல பத்திரமா இருக்கிற அத்திப்பட்டு. (அதே அஜித், பின்னாளில் 249 கிலோ பி.எம்.டபிள்யூ பைக்கில் இமயமலைப் பக்கம் டூர் போனார். அப்பா அந்த போட்டோவைக் காட்டினா, பேச்சை மாத்திடுங்க.) சுத்துவட்டாரத்துல வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், 2001-ல் திறந்து 2014-ல் காமராஜர் பெயர் சூட்டப்பட்ட எண்ணூர் துறைமுகம், அதுக்கு வடக்கே காட்டுப்பள்ளி துறைமுகம். ஸோ, ரோட்டுல நமக்குத் துணை வர்றது கன்டெய்னர் ட்ரெய்லரும் சாம்பல் லாரியும்தான். நைட் ஷிஃப்ட் முடியற நேரமும் ரயில் வர்ற நேரமும் ஒத்துப்போகாத ஆளுக்கு, இங்கே பைக் ஸ்டைல் சமாசாரம் இல்லை.

சரி, அப்பா மனசுல எந்த வண்டி ஓடுது? பெரும்பாலும் புல்லட். அதுல ஒரு நியாயமும் இருக்கு. இதே ரயில் பாதையில், எண்ணூருக்கு இந்தப் பக்கம் இருக்கிற திருவொற்றியூரில்தான் 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி இழுத்து மூடப்பட்ட பிறகும், இங்கே ‘டப்டப்’ நிற்கலை. இன்னிக்கு தயாரிப்பின் பெரும்பகுதி ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் போயாச்சு.

சிக்கல் சென்டிமென்ட்ல இல்லை, காலில் இருக்கு! பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மத்ததெல்லாம் கீழே. 2010-ஐ ஒட்டி புது இன்ஜின் வந்தபோது, மற்ற வண்டிகள் மாதிரியே கியர் இடதுக்கும் பிரேக் வலதுக்கும் மாறிடுச்சு. ‘இதெல்லாம் ரெண்டு நாள்ல பழகிடும்’பார் அப்பா. சாதாரணமா ஓட்டும்போது பழகிடும்தான். ஆனா திடீர்னு குறுக்கே ஒரு நாய் வந்தா? மூளை யோசிக்கிறதுக்கு முன்னாடி, கால் தன்னோட பழைய பாடத்தை ஒப்பிச்சிடும். இடது கால் ஓங்கி மிதிக்கும். இப்ப அங்கே இருக்கிறது கியர் லீவர். வண்டி ஒரு கியர் இறங்கி உதறுமே தவிர, நிற்காது. பின்னாடி ட்ரெய்லர் வந்துக்கிட்டு இருந்தா... வேணாம், விடுங்க.

அதனால ஷோரூம் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட். ஃப்ரெண்டோட பைக்கை இரவல் வாங்கி, ஆளில்லாத கிரவுண்டுக்கு அப்பாவைக் கூட்டிப் போங்க. ஹெல்மெட் கட்டாயம். இருபது கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்லி, அவர் எதிர்பார்க்காத நேரத்தில் ‘நிறுத்துங்க!’ன்னு கத்துங்க. எந்தக் கால் முதல்ல அசையுதுன்னு மட்டும் பாருங்க. இடது கால்னா, இன்னும் ஒரு மாசம் கிரவுண்டுதான். மெயின் ரோடு தடா.

யமஹா ஆர்.எக்ஸ்.100 கோஷ்டி அப்பாக்கள் வேற ரகம். 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 1985-லிருந்து 1996 வரை வந்த வண்டி. அந்த சத்தத்துக்கு இன்னிக்கும் நம்ம காலேஜ் பசங்களே அடிமை. எனக்கும் ஆசைதான். ஆனா முன்னாடியும் டிரம் பிரேக், பின்னாடியும் டிரம் பிரேக். ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான், அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். ஞாயித்துக்கிழமை துடைச்சு வெச்சு ரசிக்க சூப்பர். தினசரி ஷிஃப்டுக்கு? ம்ஹும்.

அடுத்து எடை. புது புல்லட் 350 சுமார் 195 கிலோ. ஹன்டர் 350 சுமார் 181. ஸ்ப்ளெண்டர் 112 கிலோதான். அப்பாச்சி, பல்சர் மாதிரி 150, 160 சிசி வண்டிகள் நூற்று நாற்பது சொச்சம். ஓடும்போது எடை தெரியாது. லாரி வரிசைக்குப் பின்னாடி நின்னு, தார் ரோட்டிலிருந்து மண்ணில் இறங்கி, ஒரு காலை ஊன்றும்போதுதான் தெரியும். ஐம்பது வயசு முழங்காலுக்கு அது ரொம்ப நல்லாவே தெரியும்! ஷோரூமில் அப்பாவை சும்மா உட்கார்ந்து போஸ் கொடுக்க விடாதீங்க. ஸ்டாண்டை எடுத்து, பத்தடி பின்னாடி தள்ளச் சொல்லுங்க. ரெண்டு பாதமும் முழுசா தரையில் பதியுதான்னு குனிஞ்சு பாருங்க. சேல்ஸ்மேன் முறைப்பார், கண்டுக்காதீங்க.

பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ‘முன் பிரேக்கைத் தொட்டா குப்புற விழுவே’ன்னு சொல்லி வளர்ந்த தலைமுறை அது. நிஜத்தில், பிரேக் போட்டதும் வண்டியோட பாரம் முன்பக்கம் சாயும். நிறுத்துற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்தோடதுதான். சக்கரம் பூட்டிக்கொண்டால்தான் சறுக்கும். ஏ.பி.எஸ். அந்தப் பூட்டு விழப்போற நேரத்தில் பிரேக்கை நொடிக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேலே இருக்கிற புது பைக்குக்கு இது கட்டாயம். ஆனா முன் சக்கரத்துக்கு மட்டும் கொடுத்துட்டு ‘ஏ.பி.எஸ். இருக்கு சார்’னு முடிச்சிடுவாங்க. ரெண்டு சக்கரத்துக்குமான்னு கேட்டு வாங்குங்க. சிந்தின சாம்பல் மேல லேசா தூறல் விழுந்த ரோட்டில் போனவங்களுக்கு ஏன்னு சொல்லித் தர வேண்டியதில்லை.

என்னைக் கேட்டா, அத்திப்பட்டு ரோட்டுக்கு 150, 160 சிசி, ரெண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ்., அவ்வளவுதான். புல்லட்டை ஒரு வருஷம் கழிச்சு யோசிக்கலாம். எந்த வண்டின்னாலும் ட்ரெய்லரோட இடது பக்கம் மட்டும் புகுந்து போகக் கூடாது. அது இடது பக்கம் திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் வராது. உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். டிரைவரோட கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியலைன்னா, நீங்களும் அவருக்குத் தெரியலைன்னு அர்த்தம். இதை அப்பாவுக்கு மட்டும் சொல்லலை, உங்களுக்கும்தான்!

கடைசியா, அப்பாவோட லைசென்ஸைத் தேடி எடுங்க. 1998-ல் எடுத்ததா இருந்தா, அதிகபட்சம் 20 வருஷம்தான் உயிர். காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா, மறுபடியும் ஓட்டிக் காட்டணும். நாற்பது தாண்டினவர்னா டாக்டர் சர்டிஃபிகேட்டும் வேணும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிரவுண்டில், பதினெட்டு வயசுப் பசங்களோட வரிசையில் நின்னு அப்பா ‘8’ போடுவார். நீங்க ஓரமா நின்னு, சிரிக்காம பார்க்கணும். முடியுமா?