ஒரு சொல்லை விட்டுவிட்டுக் காத்திருங்கள்

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இசை நல்லது என்ற பேச்சு இப்போது பல வீடுகளுக்கும் வந்துவிட்டது. உடனே என்ன நடக்கிறது? பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து, யூடியூபில் ஒரு பாட்டையும் போட்டுவிட்டுப் பெரியவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இதனால் உம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், அதுவும் தேவைதான். ஆனால் இதை இசைச் சிகிச்சை என்று சொல்ல எனக்கு மனமில்லை.

லியோ கானர் என்ற வைத்தியர் 1943 இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ஓட்டிசத்தை ஒரு தனி நிலையாக மருத்துவ உலகம் பார்க்கத் தொடங்கியது. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் ஒன்றரை வயதிலேயே 18 சிம்பொனிகளை வேறுபிரித்து அறிந்தானாம். அப்படியிருந்தும், பிள்ளையின் மனதை எட்ட முடியவில்லையே என்பதுதான் அவனுடைய தாயின் பெருங்கவலையாக இருந்தது. இசையைக் கேட்பது வேறு, இசையால் ஒருவரோடு ஒருவர் சேர்வது வேறு.

போல் நோர்டொவ் என்ற இசையமைப்பாளரும் கிளைவ் றொபின்ஸ் என்ற விசேட கல்வி ஆசிரியரும் 1959 இல் சேர்ந்து தொடங்கிய முறையில் பிள்ளைதான் வழிகாட்டி. பிள்ளை மேளத்தில் ஒரு தட்டுத் தட்டினால் பியானோ பதில் சொல்லும். பிள்ளை நிறுத்தினால் அதுவும் காத்திருக்கும்.

வீட்டில் இதற்குப் பியானோ வேண்டியதில்லை. இசைக்கருவிகளை விரும்பாத வீடுகள் எங்கள் மத்தியில் உண்டு. அவர்களோடு நான் வாதாட வரவில்லை. குரலும் கைத்தட்டலும் போதும். என் சாச்சியின் மகனுக்கு ஆறு வயது. கை கழுவ, செருப்புப் போட என்று ஒவ்வொன்றுக்கும் சாச்சி தானே ஒரு வரி கட்டி வைத்திருக்கிறார். தினமும் ஒரே மெட்டு. கடைசிச் சொல்லை மட்டும் சொல்லாமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் அந்தச் சொல் வரும். சில நாள் ஒரு பார்வை மட்டும் வரும். சாச்சிக்கு இரண்டும் பதில்தான்.

எத்தனை மாதத்தில் சுகமாகும் என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 9 நாடுகளில் 4 முதல் 7 வயது வரையான 364 பிள்ளைகளிடம் ஐந்து மாதம் செய்து பார்த்த ஓர் ஆய்வு 2017 இல் வெளியானது. இசைச் சிகிச்சை பெற்றவர்களின் ஓட்டிச அறிகுறிகள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. 2022 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சற்று நம்பிக்கையாகவே எழுதினார்கள். ஆனாலும் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் நம்பச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. இந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சத்தம் உடம்பில் அடிப்பது போல இருக்கும். கலியாண வீட்டு ஒலிபெருக்கிக்கு முன்னால் காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளையைப் பார்த்து, "வளர்ப்புச் சரியில்லை" என்று முணுமுணுக்கும் மாமிமாரை நான் கண்டிருக்கிறேன். எங்கள் கல்லூரிப் பரிசளிப்பு விழாவிலும் ஒலிபெருக்கிகள் மண்டபத்தின் நான்கு மூலையிலும் அலறுகின்றன. பின் மூலையில் இருப்பவற்றை மட்டும் நிறுத்தி, கதவோரம் நான்கு கதிரைகளை ஒதுக்கினால் சாச்சி மகனோடு வந்து உட்காரலாம். கேட்டால் வருவேன் என்றுதான் சொல்கிறார்.