செம்மரம் சந்தனம் அன்று, வேங்கையின் உடன்பிறப்பு

தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகக் கடத்தவிருந்த செம்மரக் கட்டைகள் பிடிபட்டன என்னும் செய்தி பலமுறை வந்துள்ளது. செய்தித்தாள்களோ அதனை 'இரத்த சந்தனம்' என்றும் 'செஞ்சந்தனம்' என்றும் எழுதி வருகின்றன. பெயர் பிழையானால் அறிவும் பிழைபடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

சந்தனத்துக்கும் செம்மரத்துக்கும் உறவே இல்லை. சந்தனம் பிற மரங்களின் வேரைப் பற்றி உணவுகொண்டு வளர்வது; மணமுடையது. செம்மரம் அம்மணம் அற்றது, அவரைக் குடும்பத்தது. நம் வேங்கையும் அதுவும் ஒரே பேரினம்.

இவ்விரண்டையும் கட்டையளவில் பிரித்தறிவது எங்ஙனம்? குறுக்கே வெட்டி உருப்பெருக்கியால் நோக்கினும் இழையமைப்பில் பெரிதும் ஒத்திருக்கும். ஆயினும் வேங்கையின் வயிரம் பொன்னிறங் கலந்த பழுப்பு. செம்மர வயிரம் கருஞ்சிவப்பு. வேங்கைச் சீவலை நீரிலிட்டால் நீர் மஞ்சட்பழுப்பாகி, வெயிலில் நீலம் ஒளிரும். செம்மரச் சாயமோ தண்ணீரில் எளிதிற் கரையாது. எரிசாராயத்திலிட்டால் செந்நிறம் இறங்கும். உலர்ந்த வேங்கை மிதக்கும். செம்மர வயிரம் மூழ்கும். முத்துக்குளித்த நம் முன்னோர் கல்லின் துணையால் கடலடி சென்றனர். இம்மரத்துக்குக் கல்லும் வேண்டா!

நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய இருவகைத் துண்டுகளை எம் மாணவர்முன் வைத்தேன். தச்சர் வீட்டுப் பிள்ளை ஒருவன் நிறத்தைப் பாராமல், கையில் தூக்கியே வேறுபாடு சொன்னான். நூலறிவுக்கு முன்னரே கையறிவு தமிழனிடம் உண்டு. ஆப்பிரிக்க உறவு மரங்கள் சிலவற்றைப் பிரித்தறிய மட்டும் ஆய்வகம் வேண்டும்.

இது வெறும் மரநூற் செய்தியன்று. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 1995-இல் செம்மரம் சேர்க்கப்பட்டது. 2015 ஏப்பிரல் 7-ஆம் நாள் சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவலர் சுட்டதில் தமிழ்நாட்டார் இருபதின்மர் மாண்டனர். கோடரி பிடித்த ஏழை காட்டில் மடிகின்றான். கப்பலேற்றுவோன் பொருள் குவிக்கின்றான். கட்டை துறைமுகத்திலேயே அறியப்பட்டு நிறுத்தப்படுமாயின், காட்டுக்கு ஆளனுப்பும் அவ்வணிகம் தளரும்.

ஆகவே இரண்டு செய்க. துறைமுக நகரப் பள்ளிதோறும் மரத்துண்டுகளை வைத்து, தமிழ்ப்பெயரோடு கற்பிக்க. 'செம்மரம்' தமிழே எனினும், நிறத்தை மட்டும் கூறுவது. பிற மரங்கட்கும் வழங்குவது. 'செவ்வேங்கை' என்போம். நிறமும் உறவும் ஒருசொல்லில் அடங்கும். உண்மையைக் காட்டும் பெயரே தமிழுக்கு அழகு.