ஆங்கில வினையும் நம் காலச் சொற்களும்

தமிழாசிரியர் ஆங்கில இலக்கணம் பேசப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். ஆங்கில வினையில் நம் மாணாக்கர் இடறும் இடங்கள் பல தமிழிலே வேர்கொண்டவை. ஆதலின் அவற்றை எடுத்துரைத்தல் எமக்கும் உரிய கடனே.

1990 ஒக்டோபரில் வடபுலத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பல்லாயிரவர், எத்தாளை அமைந்த இப்புத்தள மாவட்டத்திற் குடியமர்ந்தனர். அத்தகைய குடும்பத்துப் பிள்ளையொருவர் காணி வேண்டி ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுகிறார் என்க. "முப்பது ஆண்டுகளாக இங்கு வாழ்கிறோம்" என எண்ணி, "வி லிவ்ட் ஹியர் ஃபோர் தேர்ட்டி இயர்ஸ்" என்று எழுதிவிடின், "முன்னர் வாழ்ந்தனர், இன்று இல்லை" என்றே அலுவலர் கொள்ளக்கூடும். "வி ஹாவ் லிவ்ட்" என்றிருந்தால் அந்த ஐயத்துக்கு இடமில்லை.

தமிழில் 'ஆக' என்னும் ஈறும் 'வாழ்கிறோம்' என்னும் நிகழ்காலமும் கூடித் தொடர்ச்சியைக் காட்டிவிடும். ஆங்கிலத்திலோ 'ஃபோர் தேர்ட்டி இயர்ஸ்' என்பது முடிந்த வாழ்வுக்கும் முடியாத வாழ்வுக்கும் ஒன்றே. வேறுபாட்டை வினையே சுமக்கிறது. 'வி ஆர் லிவிங்' என நிகழ்காலத்தை அப்படியே பெயர்த்தாலும் அம்மொழி ஏற்பதில்லை. இதற்கு மறுதலையாக, "நேற்றுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்" என்பது தமிழில் வழுவன்று. 'ஐ ஹாவ் சென்ட்' என்பதனோடு 'யெஸ்ரடே' சேர்தல் ஆங்கிலத்தில் வழு.

'சின்ஸ்' வந்தால் இது, 'யெஸ்ரடே' வந்தால் அது என்று பட்டியலிட்டு மனனம் செய்விக்கும் முறையை யாம் விரும்புவதில்லை. 'திஸ் மோர்னிங்' என்பதற்குப் பட்டியல் என் செய்யும்? காலை பத்து மணிக்கு 'ஐ ஹாவ் சீன் ஹிம்' பொருந்தும். மாலை நான்கு மணிக்கு 'ஐ சோ ஹிம்' என்றே கூறவேண்டும். சொல்வோன் அக்காலத்தின் உள்ளே நிற்கிறானா, வெளியே நிற்கிறானா என்பதே வினா. (பரீட்சைக்கு முதல்நாள் பட்டியல் உதவும் என்பாரோடு யாம் வழக்காடவில்லை.)

காலம் மயங்குதல் நம்மவர்க்குப் புதிதுமன்று. உண்டுகொண்டிருப்பவன், அழைத்தவர்க்கு "வந்துவிட்டேன்" என்பதை, விரைவு கருதித் தொல்காப்பியமும் நன்னூலும் அமைத்துக்கொண்டன. "அவர் வந்ததும் கொடுப்பேன்" என்புழி, இனி நிகழும் வரவை இறந்தகால வடிவாற் கூறுகிறோம்; ஆங்கிலர் 'வென் ஹி கம்ஸ்' என நிகழ்காலத்தாற் கூறுவர். நம் மாணாக்கரோ ஆங்கிலத்தில் வழுவாகிய 'வென் ஹி வில் கம்' என்பதை எழுதுகின்றனர்!

ஆகவே, பத்தாந் தரத்திலேனும் கால வழுவமைதிப் பாடத்தன்று ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வகுப்பில் நிற்றல் வேண்டும். பழைய மாணவர் தாம் எழுதிய விண்ணப்பங்களின் படிகளை அனுப்பியுதவின், அவையே அவ்வகுப்புக்கு ஏற்ற பயிற்சிநூலாம்.