கும்பிடலாம், ஆனா கலியாணம் கட்டக்கூடாதா?

அடுத்தவரின் சாமியைக் கும்பிடுறது எங்களுக்குப் புது விசயமில்லை. மடு மாதாவிடம் சைவச் சனமும் போகுது. கதிர்காமத்தில் முருகன் கோயில் இருக்கிற அதே புனித பூமியில் பள்ளிவாசலும் இருக்கு. கடலுக்கு அங்கால, நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய அரசர் பிரதாப் சிங். இன்றைக்கும் அங்கே நேர்த்தி வைக்கிறவர்களில் இந்துக்கள் ஏராளம். 'முதல்ல மதம் மாறிட்டு வா' என்று ஒருவரையும் வாசலில் மறிக்கிறதில்லை.

அந்தப் பேச்சு காதலில்தான் வருது. மன்னாரில் ஒரு முஸ்லிமும் ஒரு சைவரும் விரும்பினால், ரெண்டு வீட்டிலும் முதல் கேள்வி, 'ஆர் மாறுறது?' நாங்கள் பார்த்தவரை, அனேகமாக மாறச் சொல்லப்படுவது பெண்.

சட்டம் அப்படிக் கேட்கவில்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இருவரும் முஸ்லிமாக இருந்தால் மட்டும்தான் பொருந்தும். ஒருவர் முஸ்லிம், மற்றவர் இல்லை என்றால், 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒருவரும் மதம் மாறாமலே பதியலாம். இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இதே வழியைத் தருது. ஆக, வழி இருக்கு. பயம்தான் விடுகுதில்லை.

அந்தப் பயத்தை வெறும் மதவெறி என்று தள்ளிவிடவும் ஏலாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். எருக்கலம்பிட்டிச் சனம் படகேறிக் கற்பிட்டி, புத்தளம் பக்கம் போச்சுது. அங்கே ஒரு தலைமுறை மன்னாரைக் காணாமலே வளர்ந்தது. இங்கே ஒரு தலைமுறை முஸ்லிம் சிநேகிதர் இல்லாமலே பள்ளிக்கூடம் போனது. போர் முடிந்து திரும்பி வந்த குடும்பத்துக்கு, பிள்ளை வேறு மதத்தில் கலியாணம் கட்டுறது இன்னொரு இழப்பாகத் தெரியும். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு மற்றப் பக்கத்திலும் சந்தேகம் கூடினது. சைவ வீடுகளில் மதத்தின் பெயரில் சாதியும் சேர்ந்து கதைக்கும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேணும். இந்துவோடான கலியாணத்தை இஸ்லாமிய மார்க்க அறிஞர்களில் பெரும்பாலானோர் ஏற்பதில்லை. மார்க்கத்தை நம்புகிறவருக்கு அது சின்ன விசயமில்லை. ஆனால் அந்தப் பாரத்தைச் சுமப்பதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டியது விரும்பின ரெண்டு பேர்தான், ஊர் இல்லை.

நம்பி மதம் மாறுகிறவரை நாங்கள் மதிக்கிறம். கலியாணத்துக்காக ஒருவரைக் கலிமா சொல்லவைப்பதும், தாலிக்காக ஒருவரின் தொழுகையை நிறுத்துவதும் வேற. மனசில்லாத வணக்கம் எந்த மதத்துக்குப் பெருமை? ஒரே வீட்டில் ஒருவர் விளக்கேற்றட்டும், மற்றவர் முசல்லா விரிக்கட்டும். பிள்ளைகள் எந்த மதம் என்பது நியாயமான கேள்வி. அதைக் கலியாணத்துக்கு முன்னமே ரெண்டு பேரும் இருந்து கதைக்கட்டும்.

எங்களால் செய்யக்கூடியது பெரிசா ஒன்றுமில்லை. இப்படி விரும்புகிற சிநேகிதர் ஆராவது உங்களிடம் சொன்னால், அதை வட்ஸ்அப் குறூப்பில் போடாதேங்கோ. மாறாமலும் பதியலாம் என்று சொல்லுங்கோ. பதிவாளரிடம் போகிற அன்றைக்குச் சாட்சிக்கு ஆள் தேவைப்படும், கூடப் போங்கோ.