ஓடும் நிரல் ஆவணமாகாது

"நிரல் ஓடுகிறதே, வேண்டியவர் அதையே படித்துக்கொள்ளட்டும், தனியாக ஆவணம் எதற்கு?" எம்பெடட் துறையில் வேரோடிப்போன நம்பிக்கை இது. ஈதர்நெட் கன்ட்ரோலரைப் பொறுத்தவரை இது அடியோடு தவறு. பிசிஐ அட்டையைச் செருகினால் தான் யார் என்று அட்டையே சொல்லிவிடும். சிப்புக்குள் பதிந்த ஈதர்நெட் கன்ட்ரோலர் வாய் திறக்காது. அதன் ரெஜிஸ்டர்கள் எந்த முகவரியில் இருக்கின்றன, இன்டரப்ட் எண் என்ன, கேபிள் பக்கமுள்ள பிஎச்ஒய் சிப்போடு எந்த முறையில் இணைந்திருக்கிறது என்பதையெல்லாம் டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில் ஒருவர் எழுதித்தான் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். ஏஆர்எம் போர்டுகளின் விவரங்கள் கெர்னல் நிரலுக்குள்ளேயே குவிந்து கிடப்பதை 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்த பிறகுதான் லினக்ஸ் இந்த வழிக்கு வேகமாகத் திரும்பியது. அந்தக் கோப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் வரையறுப்பது பைண்டிங் ஆவணம்.

பொருள் வரையறுக்காவிட்டால் என்ன ஆகும்? கன்ட்ரோலரையும் பிஎச்ஒய் சிப்பையும் இணைக்கும் முறைகளுள் ஒன்றான ஆர்ஜிஎம்ஐஐ இணைப்பில் தரவுக்கும் கடிகாரத் துடிப்புக்கும் இடையே ஏறத்தாழ 2 நானோநொடி தாமதம் வேண்டும். 'ஆர்ஜிஎம்ஐஐ' என்று மட்டும் எழுதினால், அந்தத் தாமதத்தைப் போர்டின் செப்புத் தடமே தருகிறது என்று பொருள். 'ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி' என்றால் பிஎச்ஒய் சிப் தர வேண்டும். ஏஆர்8031 என்ற பிஎச்ஒய் சிப்பின் டிரைவர் இந்த வேறுபாட்டை நெடுங்காலம் முழுமையாகப் பின்பற்றவில்லை. அதனால் தவறான சொல்லை எழுதிய போர்டுகளும் ஓடின. 2019இல் டிரைவரைச் சரிசெய்ததும் அவற்றில் பலவற்றின் வலை இணைப்பு அறுந்தது. அதுவரை நிரலைப் படித்துப் புரிந்துகொண்டவர் எதைக் கற்றிருப்பார்? பிழையைத்தான். டிரைவர் இன்று என்ன செய்கிறது என்பதை நிரல் காட்டும். என்ன செய்ய வேண்டும் என்பதைக் காட்டாது. அதே டிவைஸ் ட்ரீ கோப்பை யூபூட் என்ற பூட்லோடரும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளமும் படிக்கின்றன. இவற்றில் எதன் நிரலை ஆவணமாகக் கொள்வது?

ஆவணம் சீக்கிரமே பழசாகிவிடும் என்பார்கள். வெறும் உரையாக இருந்த காலத்தில் அது நியாயமான குறைதான். இப்போது பைண்டிங்குகளைக் கருவியும் படிக்கக்கூடிய யாம்ல் வடிவில் எழுதுகிறார்கள். போர்டின் விவரம் அதற்கு மாறாக இருந்தால் சரிபார்ப்புக் கருவியே பிழை என்று காட்டிவிடும். சொல்லின் பொருள் சரியா என்பதைக் கருவியால் அறிய முடியாது, உண்மை. அங்கேதான் மனிதர் எழுதும் நாலு வரி விளக்கம் தேவைப்படுகிறது. நேரமில்லை என்ற வாதமோ செலவை அடுத்தவர் தலையில் கட்டுவது. போர்டை வடிவமைத்தவர் அரை நாளில் எழுதக்கூடியதைப் பின்னால் வருபவர் ஆசிலாஸ்கோப்போடு வாரக்கணக்கில் தேட நேர்கிறது.

அந்தப் பின்னால் வருபவர் எங்கே இருப்பார் என்பதையும் பார்க்க வேண்டும். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுசெல்வது இலக்கு. கல்வராயன் மலை ஊராட்சிகளும் இதில் அடக்கம். ஃபைபர் முடியும் இடத்துப் பெட்டிக்குள்ளும் இப்படிப்பட்ட கன்ட்ரோலர் இருக்கலாம். பாதுகாப்புக்காகக் கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் பெட்டி ஊமையானால், தொலைவிலிருந்து திருத்தவும் வழியில்லை, ஏனென்றால் அறுந்தது அந்த இணைப்பேதான். கள்ளக்குறிச்சியிலிருந்து ஓர் ஆள் அந்த மலைமேலுள்ள வெள்ளிமலைக்கு வளைவு வளைவாக ஏறித்தான் வர வேண்டும். வந்தவர் கையில் விவரம் இல்லையென்றால் பெட்டியை மாற்றுவதைத் தவிர அவரால் வேறென்ன செய்ய முடியும்? பொதுப் பணத்தில் வாங்கும் கருவிகளுக்கு பைண்டிங் ஆவணத்தையும் போர்டின் டிவைஸ் ட்ரீ மூலத்தையும் சேர்த்துத் தர வேண்டும் என்று டெண்டரிலேயே எழுத வேண்டும். அவை கைக்கு வந்து சரிபார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.