விழக் கற்றவரே ஏறக் கற்றவர்

பாறை ஏறுவோர் உள்ளத்தில் குடிகொள்ளும் அச்சங்களுள் தலையாயது, விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம். அதனை வெல்லும் வழி யாது? ‘அஞ்சாதே’ என்று அறிவுரை கூறுதல் எளிது. அதனால் எவருடைய கைந்நடுக்கமும் நின்றதில்லை. அச்சத்தை ஒழிக்க முயல்வதினும், அதனை அறிந்து பழக்குதலே வழி என்பது நம் கருத்து.

ஒரு காலத்தில் அவ்வச்சம் முற்றிலும் நியாயமானதே. நார்க்கயிறு கட்டிப் பாறை ஏறிய நாளில், முன் செல்பவர் விழலாகாது என்பதே மலையேறிகளின் முதல் விதி. விழுந்தால் கயிறு அறும்; அன்றேல் உடல் முறியும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் கயிறு பரவிற்று. 1953இல் ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம், உள்ளிழைகளும் அவற்றைக் காக்கும் மேலுறையும் கொண்ட கயிற்றை உருவாக்கியது. இன்றைய ஏறுகயிறு விழுபவரை வெடுக்கென நிறுத்துவதில்லை. நீண்டுகொடுத்து, வீழ்ச்சியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. கயிறு மாறிற்று, மனம் அத்துணை விரைவில் மாறவில்லை.

மனத்தை மாற்றுவது பயிற்சி. நம்பத்தக்க துணைவர் கீழே நிற்க, முதலில் கயிற்றில் தொங்கிப் பழகுகின்றனர்; அடுத்து ஒரு முழம் விழுகின்றனர்; பின்னர் ஓர் ஆள் உயரம். உடல் தானே தெளிகிறது. தரைக்கு அண்மையிலும், துருத்திய பாறைத் திட்டுக்கு மேலும் விழுதல், கயிறு இருந்தும் கொடியது என்பதையும் அப்பயிற்சியே உணர்த்துகிறது. அங்கே அச்சமே காவல். அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை வள்ளுவர் ‘அறிவுடைமை’ அதிகாரத்தில் வைத்த நுட்பம் இங்கு விளங்கும்.

அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 900 மீட்டர் உயர்ந்து நிற்கிறது எல் கேப்பிட்டன் பாறை. அதன் ‘டான் வால்’ பகுதியில் டாமி கால்டுவெல், கெவின் ஜோர்கெசன் என்னும் இருவர் 2014 டிசம்பர் 27 அன்று ஏறத் தொடங்கி, 2015 ஜனவரி 14 அன்று உச்சியை அடைந்தனர். இடையே 15ஆம் கட்டத்தில் ஜோர்கெசன் நாள் பலவாய் மீண்டும் மீண்டும் விழுந்தார். அதனைக் கடந்துவிட்ட கால்டுவெல் அவருக்காகக் காத்திருந்தார். விழுதலையும் ஏற்றத்தின் ஒரு கூறாகக் கொண்டமையாலன்றோ இருவரும் உச்சி கண்டனர்!

கயிறு பிடிப்பவரின் கடமையும் எண்ணத்தக்கது. அன்பு மிகுதியால் இறுகப் பிடித்தால், விழுபவர் வீசப்பட்டுப் பாறையில் மோதுவார். வரம்பின்றித் தளர்த்தினால் தரையில் வீழ்வார். விழும் கணத்தில் சற்றே இளகிக் கொடுத்துத் தாங்குபவரே தேர்ந்த துணைவர்.

பெற்றோரும் ஆசிரியரும் பிடித்திருப்பதும் இத்தகைய கயிறே. வகுப்பில் வாய் திறவாத மாணவர் யாவரும் அறியாதவர் அல்லர்; பிழை நேருமோ, பிறர் நகைப்பரோ என அஞ்சுவோர் அவருள் பலர். ஒரு முழம் விழுந்து எழ அவர்க்கு நாம் இடம் தருகிறோமா? தந்தால், ஏறும் வழியை அவர்களே கண்டுகொள்வர்.