அட்டையை மடித்துச் செருகாதீர்கள்!

துறையூரில் மீன்தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்குப் போனால் என் கண் முதலில் ஸ்டாண்டின் காலுக்குத்தான் போகிறது. ஏதோ ஒரு காலின் அடியில் பழைய கல்யாணப் பத்திரிகை மடித்துச் செருகியிருக்கும். கேட்டால், "அதான் ஆட்டம் நின்னுடுச்சே சார்!" என்பார்கள்.

ஆட்டம் நின்றால் மட்டம் வந்துவிட்டதா? நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி 250 லிட்டர் பிடிக்கும். அதாவது 250 கிலோ. கண்ணாடி, மணல் தனி. ஈரம் பட்ட பத்திரிகை இதைத் தாங்குமா? அதன் முன்னால்தானே பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து தீனி போடுகிறார்கள்!

தரையைத் திட்டிப் பயனில்லை. கழுவிவிட்ட தண்ணீர் ஓடக் கொத்தனார் வாட்டம் கொடுத்துத்தான் போடுவார். பழைய கதவுப் பலகையை அறுத்து ஸ்டாண்டு அடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு ரசமட்டம் வாங்க மனசு வராதா? நீளவாக்கில் ஒரு தரம், இரு ஓரத்திலும் அகலவாக்கில் ஒரு தரம் வைத்துப் பாருங்கள். மேற்பலகையில் மூலைக்கு மூலை இரண்டு நூல் இழுத்துக் கட்டினால், நடுவில் ஒன்றையொன்று தொட வேண்டும். தொடாமல் இடைவெளி விட்டால் பலகை முறுக்கியிருக்கிறது. சாய்வைவிட முறுக்குதான் ஆபத்து. சிலிகான் ஒட்டு விட்டுப்போகும், அடிக்கண்ணாடி விரியும். தெர்மாகோல் ஷீட் சின்ன மேடுபள்ளத்துக்கு மட்டுமே மருந்து.

ஆப்பு வைக்கும் இடம் ஸ்டாண்டின் கால். தொட்டியின் அடி அல்ல. கால் முழுக்க உட்காரும் அகலத்தில் இருக்கட்டும். பாதித் தண்ணீர் விட்டு, இரு முனையிலும் அளவுகோல் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் மறுபடி ஆப்பு. நிறைந்த தொட்டியை நெம்பக் கடப்பாரையோடு வருகிற மச்சானுக்கு வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.